கரை சேர்த்தவர்கள் – 14: கட்டுமரக் காவலும் கழியில் கட்டிய பையும்

போன வாரம் பழவேற்காட்டில் நிறுத்தியிருந்தேன். 2011 கிறிஸ்துமஸ் நாளில் உல்லாசமாகப் படகேறியவர்களில் 22 பேர் மாண்டதும், தேடப்போகிற படகுகளுக்கு எண்ணெய்க் காசு யார் தருவது என்று கேட்டதும் நினைவிருக்கும். பொழுதுபோக்குப் படகுக்காரர்களிடமே மீட்புப் பணிக்கும் சேர்த்து வசூலிக்கும் ஆஸ்திரேலிய மாநிலம் ஒன்றைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நான்கு நாட்களாகப் பழைய மதராஸ் கரையின் கட்டுமரக்காரர்கள் என்னை வேறெதற்கும் விடவில்லை. பக்கம் அச்சுக்குப் போகும் நேரம் நெருங்கிவிட்டது. அவர்களைச் சொல்லாமல் மேலே போக என்னால் முடியாது.

மதராஸுக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் எல்லாம் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். இடையில் மூன்று வரிசையாக மடியும் அலை. வெள்ளைக்காரக் கப்பல்களின் சொந்தப் படகுகள் அந்த அலையில் இறங்கத் துணியாது. ஆளும் சரக்கும் மசூலாப் படகில்தான் கரை வரவேண்டும். ஆணி அடிக்காமல், பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை ஓங்கி அடித்தால் உடையாமல் நெளிந்துகொடுக்கும். அப்படியும் கவிழும். கவர்னர் ஆனாலும் குமாஸ்தா ஆனாலும் இந்தப் பட்டணத்தில் கால் வைக்க வேண்டுமானால் அந்த அலையைத் தாண்டித்தான் ஆகவேண்டும்.

19ஆம் நூற்றாண்டுப் பயணக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது: மசூலாப் படகோடு ஒன்றிரண்டு கட்டுமரங்களும் பக்கத்திலேயே வரும். அவை சரக்கு ஏற்றுவதில்லை, மீன் பிடிப்பதில்லை. படகு கவிழ்ந்தால் விழுந்தவர்களை அள்ளுவது ஒன்றே வேலை. கட்டுமரம் கவிழ்ந்தாலும் மூழ்காது. மரத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறிவிடலாம். ஆகவே மூழ்கக்கூடிய படகுக்கு மூழ்காத மரம் காவல். அதை ஓட்டுபவருக்கு இடுப்பில் ஒரு துண்டு, தலையில் பாய்போல் முடைந்த கூம்புத் தொப்பி. மசூலாவே இறங்க முடியாத நாட்களில் அந்தத் தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் செருகிக்கொண்டு, அலைக்கு அடியில் புகுந்து மறுபுறம் எழுந்து கப்பலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். உயிர்களை மீட்டவர்களுக்கும் அப்படிக் கடிதம் சேர்த்தவர்களுக்கும் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள்.

படித்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். கடல் மீட்பு என்றதும் நாம் இங்கிலாந்தைப் பார்க்கிறோம், ஆஸ்திரேலியாவைப் பார்க்கிறோம். நானும் பதின்மூன்று வாரமாக அதையே செய்துவந்தேன். ஆனால் விபத்து நடந்தபின் ஓடிவருவதல்ல, விபத்துக்கு முன்பே பக்கத்தில் நிற்பதுதான் மீட்பு என்கிற அறிவு இந்த அலையில், இந்த மனிதர்களின் கைகளில் இருந்திருக்கிறது. ராயபுரத்துப் புனித பேதுரு ஆலயத்தைக் கட்டியது இந்தக் கரையின் படகுக்காரச் சமூகம்தான். பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்பார்கள். ஊர்ப்பெயரே அவரிடமிருந்து வந்தது என்பார்கள். மீனவராக இருந்த ஒரு புனிதரின் பெயரில் ஓர் ஊர். அந்த ஆலயத்தைத் தாண்டும்போதெல்லாம் இனி அந்தக் கூம்புத் தொப்பி என் நினைவுக்கு வரும்.

1861இல் இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டது. பிறகு துறைமுக வேலை தொடங்கியது, 1881 புயல் அதைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். கப்பல் சுவரோரம் வந்து நின்றதும் மசூலாவுக்கு வேலை போயிற்று. மசூலா போனதும் கூடவே வந்த காவல் கட்டுமரமும் போயிற்று. 1911இல் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பாய்மரப் படகுக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். இன்றும் துறைமுகத்துக்குள் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அதுதான். பொழுதுபோக்குக்காகக் கடலில் இறங்குபவர்கள் இந்த வடசென்னைக் கரையில் நூறு ஆண்டுக்கு மேலாக இருக்கிறார்கள். தூண்டில் போட ஃபைபர் படகை வாடகைக்கு எடுப்பவர்கள், எண்ணூர் முகத்துவாரத்தில் ஞாயிற்றுக்கிழமை சுற்றுபவர்கள் என்று இப்போது கூட்டம் பெரிது. பக்கத்தில் வரும் கட்டுமரத்தைத்தான் காணோம்.

காணோம் என்று எழுதுவது சரியில்லை. அது வேறு உருவில் இருக்கிறது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, கணக்கும் வைக்கவில்லை.

திருவொற்றியூர் குப்பத்தில் வலை பொத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

"பெரியவரே, மீன்பிடிக்கப் போன இடத்துல யாராவது தத்தளிச்சா என்ன செய்வீங்க?"

கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. "இன்னா தம்பி செய்வாங்க? இழுத்துப் போட்டுக்கினு வர்றதுதான்" என்றார். சற்று நேரம் ஊசியை ஓட்டிவிட்டு அவரே தொடர்ந்தார். "வலை கடல்ல கெடந்தா அறுத்து வுட்டுட்டுப் போவோம். ஆள் பொழச்சிருவான். வலைக்கு யாரு குடுப்பா? அதை மட்டும் இன்னி வரிக்கும் யாரும் கேக்கல."

இந்தத் தொடர் முழுவதும் நான் துரத்துவது இந்த ஒரு விஷயத்தைத்தான். ஃபைபர் படகில் நான்கைந்து பேர் போகிறார்கள். வந்த மீனில் எண்ணெய்ச் செலவைக் கழித்துவிட்டு, படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரிக்கிறார்கள். நடுவில் ஒருவனைக் காப்பாற்றக் கரை திரும்பினால் பிரிக்கப் பங்கே இல்லை. எண்ணெய் மட்டும் எரிந்துபோயிருக்கும். மறுநாள் அந்தக் கடன் அந்த நான்கைந்து வீடுகளின் அடுப்பில் தெரியும்.

கடலோரக் காவல் படை இல்லையா என்று சிலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. சென்னையில் அதன் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் இருக்கிறது, 1554 என்ற எண் இருக்கிறது. தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. ஆனால் தேடி மீட்கும் பொறுப்பாக இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட கடல்பரப்பு சுமார் 46 லட்சம் சதுர கிலோமீட்டர். கப்பல் கிளம்பி வருவதற்குள் பக்கத்தில் இருப்பது ஃபைபர் படகுதான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது குமரிக் கரை மீனவர்கள் தங்கள் ஆட்களைத் தேடித் தாங்களே கடலில் இறங்கினார்கள்.

காப்பாற்றப்பட்டவரிடமே வாங்கிக்கொள்ளலாமே என்றும் ஒருவர் கேட்டிருந்தார். 1989ஆம் ஆண்டின் சர்வதேச மீட்பு உடன்படிக்கை அதை மறுக்கிறது. கப்பலையும் சரக்கையும் மீட்டால் அதன் மதிப்பைப் பார்த்து வெகுமதி கேட்கலாம். உயிரை மீட்டதற்கு, உயிர் பிழைத்தவரிடம் ஒரு காசு கேட்க முடியாது. இந்த விதியை நான் மனதார ஏற்கிறேன். காசு இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டு ஒருவன் உதவிக்குக் கை தூக்கத் தயங்கினால் அந்தத் தயக்கத்திலேயே செத்துப்போவான். ஆனால் அவன் தரவேண்டாம் என்றால் வேறு யார் தருவது என்பதை அந்த விதி சொல்லவில்லை.

அரசு தரலாம். 2018 வெள்ளத்தில் கேரள மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனார்கள். படகுக்கு நாள் ஒன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாகக் கேரள அரசு அறிவித்தது. நல்ல எண்ணத்தில் வந்த அறிவிப்புதான். ஆனால் சக மனிதர்களைக் காப்பாற்றியதற்குக் காசு வேண்டாம் என்று மீனவர்கள் சிலரே சொன்னார்கள். எனக்கு அது பெரிய பாடம். முடிந்துபோன மீட்புக்கு எண்ணிக் கொடுக்கும் பணம் கூலி போல ஆகிவிடுகிறது; மானமுள்ளவன் கையை இழுத்துக்கொள்கிறான். அதே மனிதரிடம், உங்கள் குப்பத்துக்கு ஒரு மீட்புப் படகும் உயிர்காப்புச் சட்டைகளும் வயர்லெஸ்ஸும் நிற்கும், எண்ணெய் நிரம்பியிருக்கும், அறுத்துவிட்ட வலைக்கு ஈடு வரும், உங்களுக்கு ஒன்று ஆனால் குடும்பத்துக்குக் காப்பீடு இருக்கும் என்றால் வேண்டாம் என்று சொல்வாரா? காசு கொடுக்க வேண்டியது காப்பாற்றிய உயிருக்கல்ல, ஆயத்தமாக நிற்பதற்கு. பதக்கத்திலிருந்து 3,000 ரூபாய் வரை நாம் தவறவிட்டது இதைத்தான்.

சரி, அந்த ஆயத்தத்துக்குப் பணம்? இங்கே நான் மான்செஸ்டரைச் சொல்லியாக வேண்டும்.

பிரிட்டனின் உயிர்காப்புப் படகுச் சங்கம் 1824இல் தொடங்கியது. இதுவரை 1,46,000 பேருக்கு மேல் காப்பாற்றியிருக்கிறது. 1854 முதல் 1869 வரை அரசின் மானியம் வாங்கிப் பார்த்தது. அரசு கொடுக்கிறதே என்று மக்கள் கொடுப்பது குறைந்தது. சங்கம் மானியத்தை விட்டுவிட்டது. பிறகு 1886 டிசம்பரில் மெக்சிகோ என்ற கப்பலை மீட்கப்போன இரண்டு படகுகளைச் சேர்ந்த 27 பேர் ஒரே இரவில் மாண்டார்கள். 16 விதவைகள், தகப்பன் இல்லாத 50 பிள்ளைகள். அந்தக் கரையோரம் குடியிருந்த சார்லஸ் மக்காரா என்ற பஞ்சாலை முதலாளி சங்கத்தின் வரவைத் துருவிப் பார்த்தார். பெரும்பங்கு சுமார் நூறு பணக்காரர்களிடமிருந்து மட்டுமே வந்துகொண்டிருந்தது.

அவர் போன இடம் துறைமுக ஊர் அல்ல. கடலே தெரியாத மான்செஸ்டருக்குப் போனார். 1891 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. பஞ்சாலை வீதிகளில் உயிர்காப்புப் படகுகளை ஊர்வலமாக இழுத்து வந்தார்கள். முன்னால் மேளவாத்தியம். நம் தேரோட்டம் மாதிரித்தான் எனக்குக் கண்ணில் விரிகிறது. வசூலித்தவர்கள் நீண்ட கழிகளின் நுனியில் பைகளைக் கட்டி, மாடி ஜன்னல்களுக்கும் டிராம் வண்டிகளின் மேல்தட்டுக்கும் நீட்டினார்கள். மேலே உட்கார்ந்திருப்பவன் கீழே இறங்கி வந்து போடவேண்டாம். பை அவனிடம் போனது. அன்று ஒரே நாளில் 5,000 பவுனுக்கு மேல் விழுந்தது. பஞ்சும் துணியும் கடல் வழியாகத்தான் வந்து போகின்றன, ஆகவே கடலில் சாகிறவனுக்கு ஆலைத் தொழிலாளியும் கடன்பட்டவன் என்பதை அந்தக் கழி சொல்லாமல் சொல்லியிருக்கிறது.

நமக்கு இதற்காக மான்செஸ்டர் வரை போகவேண்டியதில்லை. தலைக்கட்டு வரி இருக்கிறது. குப்பத்துப் பஞ்சாயத்தார் வீட்டுக்கு இவ்வளவு என்று வைத்து வசூலித்துத்தான் அம்மன் திருவிழா நடக்கிறது. கோயிலுக்கு யார் அதிகம் வருகிறார் என்று பார்த்து வசூலிப்பதில்லை. ஊரில் இருக்கிற ஒவ்வொரு தலைக்கட்டும் தரவேண்டும். இந்தக் கடலுக்கும் தலைக்கட்டுகள் உண்டு. சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றில் நிலக்கரி இறக்குபவர்கள், கார் ஏற்றுபவர்கள், பாய்மரம் விரிப்பவர்கள், வார இறுதியில் தூண்டில் போடுபவர்கள் எல்லாரும் தலைக்கட்டுகள்தான். கலங்கரை விளக்கங்களுக்கென்று கப்பல்களிடம் கட்டணம் வாங்க 1927 முதலே இந்தியாவில் சட்டம் இருக்கிறது. எந்தக் கப்பலும் எனக்கு அந்த வெளிச்சம் தேவைப்படவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. கரையில் நிற்கும் விளக்குக்குக் கட்டணம் உண்டென்றால், அலையில் இறங்கும் மனிதனுக்கும் உண்டாகட்டும். கப்பல் ஒவ்வொன்றிடமும் சிறு தொகை, பொழுதுபோக்குப் படகுகளிடம் ஆண்டுக்கு ஒரு தொகை, அதற்குமேல் மனமுள்ளவர்களின் நன்கொடை. பொறுப்பை எந்த இலாகாவின் பெட்டிக்குள்ளும் பூட்டாமல் காசிமேடு முதல் எண்ணூர் வரையிலான குப்பத்துப் பஞ்சாயத்தார்களும் கடலோரக் காவல் படையும் உட்காரும் ஓர் அறக்கட்டளையிடம் விடவேண்டும். கணக்கு மாதாமாதம் ஏலக்கூடத்தில் ஒட்டப்பட வேண்டும்.

அரசுப் பணமே கூடாதா என்றால், கூடாது என்று நான் சொல்லவில்லை. பயிற்சியும் காப்பீடும் அரசின் கடமை. ஆனால் ஓடும் செலவு முழுவதும் ஒரு கோப்பின் கையெழுத்துக்குக் காத்திருந்தால், படகு கரையிலேயே நிற்கும்.

தொகை எவ்வளவு, படகின் நீளத்தைப் பார்த்தா இன்ஜினின் குதிரைத்திறனைப் பார்த்தா, உரிமம் புதுப்பிக்கும்போதா அல்லது தனியாகவா என்பதற்கெல்லாம் தொடக்கத்தில் சொன்ன அந்த ஆஸ்திரேலிய மாநிலமான நியூ சவுத் வேல்ஸின் கணக்கு வேண்டும். இந்த வாரம் அதற்கு இடமில்லை. அடுத்த வாரம் முதல் பத்தியே அதுதான். அதற்குள் திருவொற்றியூர் பெரியவரிடம் மறுபடி போகவேண்டும். ஒரு வலையை அறுத்துவிட்டால் மறுபடி கட்ட என்ன ஆகும், எத்தனை நாள் ஆகும் என்று நான் கேட்காமலே வந்துவிட்டேன். வசூல் தொகையை நிர்ணயிக்க அந்தக் கணக்கும் வேண்டும்.

(தொடரும்)