பெட்டிக்குள் கார் இல்லை

டாமியா பெட்டியைத் திறந்தால் உள்ளே கார் இருக்காது. சட்டம் சட்டமாக பிளாஸ்டிக் பாகங்கள், பை பையாக ஸ்க்ரூக்கள், ஒரு மோட்டார், வண்ணம் பூசாத கார் உடல், பக்கத்துக்குப் பக்கம் படம் போட்ட கையேடு, அவ்வளவுதான். பல மாலைகள் உட்கார்ந்து கோத்தால்தான் அது ரிமோட் காராகும். கடையில் வாங்கியதும் ஓடும் காரைவிட இதையே நான் உயர்வாக நினைக்கிறேன். ஓட்டுவதில் கிடைப்பது வேகம். கோப்பதில் கார் என்பதே புரிகிறது.

ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்தில் 1946-ல் மர வியாபாரமாகத் தொடங்கி, பிறகு மாதிரி வாகனங்கள் செய்யும் நிறுவனமானது டாமியா. நிறுவனரின் மகன் ஷுன்சாகு டாமியா, போர்ஷே 934 மாதிரியைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதற்காக நிஜமான போர்ஷே 911 ஒன்றையே வாங்கிப் பிரித்துப் பார்த்தார். 1976-ல் அந்த 934-தான், 12-ல் ஒரு பங்கு அளவில், அவர்களுடைய முதல் ரேடியோ கன்ட்ரோல் கார் ஆனது. 1984-ல் வந்த கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் கார்கள் பிற்பாடு மறுபதிப்பாகவும் வந்தன.

புதிதாகத் தொடங்குபவருக்கு 2013-ல் வந்த டாமியாவின் டிடி-02 நல்ல தேர்வு. 10-ல் ஒரு பங்கு அளவு, நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. கோப்பதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் டிஃபரன்ஷியல். கார் இடப்பக்கம் திரும்பும்போது வலச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்துகொண்டுதான் போகும். அதைத் தவிர்க்கத்தான் இந்தச் சின்ன டப்பாவுக்குள் கூம்பு வடிவப் பல்சக்கரங்களைப் பொருத்துகிறோம். கோத்து முடித்ததும் வெளிப் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்க அச்சைத் திருகிப் பாருங்கள். மறுபக்க அச்சு எதிர்த்திசையில் சுற்றும். பாடப்புத்தகத்தில் எத்தனை படம் பார்த்தாலும் விரல் நுனியில் இப்படி விளங்காது. உள்ளே கெட்டியான கிரீஸ் வைத்தால் டிஃபரன்ஷியல் இறுகும். வளைவில் எழும்பிய சக்கரம் வீணாகச் சுற்றுவது குறையும். வெறும் கிரீஸை மாற்றியே காரின் குணத்தை மாற்றலாம் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஸ்க்ரூ விஷயத்தில் அவசரம் கூடாது. அவை பிளாஸ்டிக்கில் தாமாகவே மரை வெட்டிக்கொண்டு இறங்குபவை. மிஞ்சி முறுக்கினால் மரை போய்விடும். கழற்றி மறுபடி போடும்போது முதலில் பின்பக்கமாகத் திருப்ப வேண்டும். பழைய மரையில் 'டக்'கென்று விழுவது கையில் தெரியும். அதன் பிறகே முறுக்க வேண்டும். ஜப்பானிய ஸ்க்ரூவின் கூட்டல் குறித் தலைக்கு அந்த நாட்டு ஸ்க்ரூ டிரைவரே கச்சிதம். சாதாரண ஃபிலிப்ஸ் நுனி வழுக்கித் தலையைச் சிதைக்கும்.

மின்சாரப் பகுதி சுலபம். ரிசீவர், திருப்புவதற்கு ஒரு சர்வோ, வேகத்துக்கு ஒரு கன்ட்ரோலர். முன்பு 27 மெகாஹெர்ட்ஸில் இருவர் ஒரே அலைவரிசைக் கிரிஸ்டலைப் போட்டால் ஒருவர் கார் இன்னொருவருக்கு அடிபணியும், 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்தபின் அந்தத் தொல்லை இல்லை. பேட்டரியில் மட்டும் கவனம் வேண்டும். லித்தியம் பாலிமர் என்றால் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, சார்ஜ் ஏறும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், உப்பிய பேட்டரியை மறுபடி பயன்படுத்தவே கூடாது.

கார் உடல் பாலிகார்பனேட். பெயிண்டை உள்பக்கம் அடிப்பதால் முட்டி மோதினாலும் வண்ணம் சுரண்டாது. ஆனால் வரிசை தலைகீழ்: முதலில் அடிப்பதுதான் வெளியே தெரியும். கோடுகளையும் அடர் நிறங்களையும் முதலில் முடித்து, வெளிர் நிறங்களுக்குப் பின்னால் வெள்ளை கொடுக்க வேண்டும்.

ஓட ஆரம்பித்ததும் எல்லோர் கையும் வேகமான மோட்டாரைத் தேடும். அதற்கு முன், அச்சுகளைத் தாங்க பிளாஸ்டிக் புஷ் வந்திருந்தால் அவற்றைக் கழற்றி பால் பேரிங் போடுங்கள். உராய்வு குறையும், தூசி பட்டுத் தேய்வதும் குறையும், அதே பேட்டரி கூடுதல் நேரம் ஓடும். எது எந்த அச்சைத் தாங்குகிறது என்று அதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.