சுறா மீன் பரிசாகும் சீட்டாட்டம்

கேயாஸ் ஆர்ப் சீட்டை ஆட மூளை மட்டும் போதாது, கையும் பழகியிருக்க வேண்டும். ஓர் அடி உயரத்துக்குக் குறையாமல் மேலிருந்து அதை மேசைமேல் புரட்டிப் போட வேண்டும். 1993-இல் அச்சான விதிப்படி, அது விழுந்து தொடும் சீட்டெல்லாம் காலி. அதனால் எதிராளிகள் தங்கள் சீட்டுகளைத் தள்ளித் தள்ளிப் பரப்பி வைத்ததும் உண்டு!

கணிதம் படித்த அமெரிக்கர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' ஆட்டத்தின் முதலாண்டுக் குறும்பு இது. அதிகாரபூர்வப் போட்டிகளில் இந்தச் சீட்டுக்கு இன்று தடை.

சிறுவயதில் ஆடியவர்கள் பலர் தலை நரைத்தபின் திரும்பி வந்திருக்கிறார்கள், ஆனால் புதிய சீட்டுகளுக்காக அல்ல. 1993, 94-இல் வெளியானவற்றை மட்டும் வைத்து ஆடும் 'ஓல்ட் ஸ்கூல்' முறை ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் வேர்விட்டது. சீட்டுகளை ஆடச் செலவிடும் 'மானா' சக்தியை மிச்சம் வைத்தால் உயிர்ப்புள்ளியை இழக்கும் பழைய விதி 2009-இல் நீக்கப்பட்டது. இவர்கள் அதையும் விடவில்லை. கோத்தன்பர்க்கில் நடக்கும் அவர்களது நூப்கான் போட்டியில் வென்றவருக்குப் பரிசு, மற்றவர்கள் கையெழுத்திட்ட ஒரு 'ஜயண்ட் ஷார்க்' சீட்டு. அற்ப விலைதான்.

ஆடத் தேவையான சீட்டுகளோ அப்படியில்லை. பலவற்றை மறுபடி அச்சிடுவதில்லை என்று தயாரிப்பு நிறுவனம் 1996-இல் உறுதியளித்தது. முதல் பதிப்பு 'பிளாக் லோட்டஸ்' சீட்டு ஒன்று 2024-இல் 30 லட்சம் டாலருக்குக் கைமாறியது. எனவே சில குழுக்கள் நகல் சீட்டுகளையும் அனுமதிக்கின்றன. நியாயமான ஏற்பாடுதான்.