நீலம் வந்ததும் நிறுத்து

கைக்கடிகாரத் திருகாணிகள் பலவற்றின் தலை ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அகலமே இருக்கும். தலையிலுள்ள வெட்டில் திருப்புளியின் நுனி சரியாக உட்காராவிட்டால் வெட்டு சிதையும். நுனி நழுவினால் பக்கத்துத் தகட்டில் கீறல் விழும். அதனால்தான் கடையில் வாங்கிய திருப்புளியைக்கூடக் கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் தேய்த்துச் சரிசெய்து கொள்கிறார்கள். அந்தக் கை வந்துவிட்டால், திருப்புளியையே செய்துகொள்வது பெரிய வேலையல்ல.

சுமார் 1 சதவீதம் கார்பன் உள்ள எஃகுக் கம்பி போதும். பதம் ஏற்றாத நிலையில் அதை அரத்தால் எளிதில் ராவலாம். நுனி ஆப்புபோலச் சரிந்திருந்தால் திருகும்போது வெட்டைவிட்டு மேலே ஏறிவிடும். எனவே இரு பக்கங்களும் ஏறக்குறைய இணையாக, வெட்டை நிரப்பும் தடிமனில் இருக்க வேண்டும்.

பிறகு நுனியை நன்றாகச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் சிவப்பு கண்ணை ஏமாற்றும், காந்தம் ஏமாற்றாது. சுமார் 770 டிகிரி செல்சியசில் இரும்பு காந்தத்தில் ஒட்டுவதை விட்டுவிடும். அதற்குச் சற்று மேலே போனதும் தோய்க்கலாம். சட்டென்று குளிரும்போது கார்பன் அணுக்கள் வெளியேற வழியின்றி இரும்பின் படிகங்களுக்குள் சிக்கிக்கொள்கின்றன. எஃகு இறுகிவிடும்; அரம் வைத்தால் வழுக்கும். ஆனால் அதே எஃகு சிறு அழுத்தத்துக்கே உடைந்தும் போகும்.

உடையும் தன்மையைத் தணிப்பதுதான் பதம் பார்க்கும் வேலை. நுனியைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, சற்றுப் பின்னால் சிறு சுடரைக் காட்ட வேண்டும். சூடு நுனியை நோக்கி நகர நகர, வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என நிறங்கள் வரிசையாக ஓடிவரும். இது சாயமல்ல. எஃகின்மேல் படரும் மிக மெல்லிய ஆக்சைடு படலத்தின் மேற்பரப்பிலும் அடியிலும் எதிரொளிக்கும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் தோன்றும் நிறம். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். ஆகவே இங்கே நிறமே வெப்பமானி. மஞ்சள் சுமார் 230 டிகிரி. உலோகத்தைச் செதுக்கும் உளிக்கு அது ஏற்றது. திருப்புளிக்கு 300 டிகிரியை ஒட்டிய நீலம் வேண்டும். நீலம் நுனியைத் தொட்டதும் மறுபடி தோய்த்து நிறுத்திவிட வேண்டும். ஒரு கணம் தவறினாலும் முனை மிருதுவாகி வளையும். கை பழகாதவர்கள் பித்தளைத் தூளைத் தட்டில் பரப்பி, அதில் வைத்துச் சூடேற்றலாம். சூடு சீராகவும் மெதுவாகவும் ஏறும்.

எஃகுக்கும் கடிகாரத்துக்கும் உறவு பழையது. இங்கிலாந்தில் டான்காஸ்டர் நகரக் கடிகாரத் தொழிலாளியான பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன், சுருள்வில்லுக்கு ஏற்ற எஃகு கிடைக்காமல், 1740களில் ஷெஃபீல்டு அருகே தாமே மூசையில் எஃகை உருக்கி எடுத்தார்.

புதுத் திருப்புளியில் காந்தம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது கடைசி வேலை. ஏறியிருந்தால் திருகாணிகள் நுனியில் ஒட்டும். அந்தக் காந்தம் கடிகாரத்துக்குள் இருக்கும் மயிர்ச்சுருள் என்ற மெல்லிய வில்லுக்கும் தொற்றினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கடிகாரம் வேகமாக ஓடும். மாறுதிசை மின்சாரம் பாயும் கம்பிச்சுருளுக்குள் விட்டு மெதுவாக வெளியே இழுத்தால் காந்தம் இறங்கிவிடும்.