உங்களுக்குத் தெரியுமா? சிறைக்கதவு திறந்த பிறகு…

● இலங்கையில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போகிறவர்களில் பெரும்பகுதியினர் தண்டப்பணம் கட்ட வழியில்லாதவர்கள். குச்சவெளியில் கடலுக்குப் போகிற ஒருவர் திருகோணமலைச் சிறைச்சாலையில் இருந்தால், அவரைப் பார்க்க வீட்டார் 30 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போகவேண்டும். உழைப்பவர் உள்ளே, அன்றைய கூலியும் போச்சு.

● இதற்கு மாற்றுவழி சட்டத்திலேயே இருக்கிறது. சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம், 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கம். இரண்டு ஆண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களுக்கு, ஆளைச் சிறைக்கு அனுப்பாமல் ஊரிலேயே வைத்துச் சம்பளமில்லாச் சமுதாயப் பணியும் ஆற்றுப்படுத்தலும் தொழிற்பயிற்சியும் கொடுக்க நீதவான் கட்டளையிடலாம். குடும்பத்தின் அடுப்பு அணையாது. இந்தச் சட்டத்தை ஊரில் எத்தனை பேர் அறிவார்கள்?

● 2009இல் போர் முடிந்தபின் சுமார் 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மேசன் வேலை, தச்சு, தையல், மின்னிணைப்பு என்று பயிற்சிகள் நடந்தன. வெளியே வந்தவர்களுக்குத் தொழில் தொடங்க உதவியதில் சர்வதேச புலம்பெயர்வு அமைப்புக்கும் பங்குண்டு. பயிற்சி முடிந்ததும் கதை முடிவதில்லை. கையில் சாமான் வேண்டும். வங்கிக் கடனென்றால் பிணைக்கு ஆள் வேண்டும். தடுப்பிலிருந்து வந்தவருக்குப் பிணைக் கையெழுத்து வைக்க முன்வருபவர் யார்? பொதுப்பணம் போய்ச் சேரவேண்டிய இடம் இதுதான் என்பேன்.

● அமெரிக்காவின் 'இரண்டாம் வாய்ப்புச் சட்டம்' 2008இல் வந்தது. விடுதலையானவர்களுக்கு வழிகாட்டும் தொண்டு நிறுவனங்களுக்கும் அரச மானியம் கிடைக்கிறது.

● இங்கிலாந்தின் பீற்றர்பரோ சிறையில் 2010இல் புதுமுயற்சி ஒன்று தொடங்கியது. குறுகிய காலத் தண்டனை முடித்து வருகிறவர்களுக்கு உதவும் தொண்டு நிறுவனங்களுக்குத் தனியார் முதலீட்டாளர்கள் பணம் போட்டார்கள். மறுபடி குற்றம் செய்வது 7.5 சதவீதமாவது குறைந்தால்தான் அரசு அந்தப் பணத்தைத் திருப்பித் தரும். 2017இல் வெளியான கணக்கில் 9 சதவீதம் குறைந்திருந்தது. முதலும் திரும்பியது, இலாபமும் வந்தது.

● சிறைக்குள் கல்விக்குச் செலவிடும் ஒவ்வொரு டொலரும், மறுபடி சிறைவைக்கும் செலவில் மூன்றாண்டுக்குள் 4 முதல் 5 டொலர் வரை மிச்சம் பிடிக்கிறது என்று 2013இல் அமெரிக்க ராண்ட் நிறுவனம் கணக்கிட்டது.

● இலங்கையின் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழில் ஏழு மட்டங்கள் உண்டு. வகுப்புக்கே போகாதவரும், பழகிய தொழிலைச் செய்துகாட்டிக் கீழ்மட்டச் சான்றிதழ்களைப் பெறலாம். முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை அதற்கென்றே இருக்கிறது. கடற்கரையில் அவுட்போட் என்ஜினைக் கழற்றி, பிளக்கைத் துடைத்து, மறுபடி பூட்டப் பழகிய கைக்கு அந்தத் தாள் பெரிய பலம். விடுதலையாகி வருகிறவர் தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ, தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையிலோ விசாரிக்கலாம்.