பனிநிலம் கடந்த கழுதைப்புலி

கழுதைப்புலி என்னும் பெயரில் கழுதையும் உண்டு, புலியும் உண்டு. ஆயினும் அவ்விலங்கு அவ்விரண்டும் அன்று. தோற்றத்தால் நாயை ஒத்திருப்பினும், உறவுமுறையால் பூனை, கீரி ஆகியவற்றுக்கே அண்மையது. இக்குடும்பத்தில் இன்று எஞ்சியிருப்பவை 4 இனங்களே. அவை ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் மட்டுமே வாழ்கின்றன. புதைபடிவங்களின் வாயிலாக அறியப்பட்ட பழைய இனங்களோ ஏறத்தாழ 70 ஆகும்.

அவ்வாறு மறைந்தொழிந்தவற்றுள் ஒரு பேரினம் ‘காஸ்மாபோர்தீட்டிஸ்’. நீண்டு மெலிந்த அதன் கால்கள் விரைந்தோடுதற்கு ஏற்றவை. பற்கள் சதையை அறுத்தற்கு உரியவை. ஆதலின் அறிஞர் இதனை ‘ஓடும் கழுதைப்புலி’ என்பர். 1921ஆம் ஆண்டில் ஆலிவர் பெர்ரி ஹே என்னும் அமெரிக்க அறிஞர், அரிசோனாவில் கிடைத்த படிவத்தைக் கொண்டு இதற்குப் பெயரிட்டார். அங்குள்ள பெரும் பள்ளத்தாக்கை நினைவூட்டும் சொல் அப்பெயரில் அமைந்துள்ளது. கழுதைப்புலிகளுள் அமெரிக்காவை எட்டியது இப்பேரினம் ஒன்றே.

கடல் சூழ்ந்த அக்கண்டத்தை இது எவ்வாறு அடைந்தது? ஆசியாவையும் அலாஸ்காவையும் இன்று பிரிப்பது பெரிங் நீரிணை. கடல்மட்டம் தாழ்ந்த காலங்களில் அங்கே நிலம் வெளிப்பட்டுப் பாலம்போல் விளங்கியது. அவ்வழியே இது சென்றிருத்தல் வேண்டும் என்று அறிஞர் கருதினர். ஆயின் மங்கோலியாவுக்கும் அமெரிக்காவின் தென்பகுதிக்கும் இடைப்பட்ட வடநிலத்தில் சான்று ஏதும் கிட்டவில்லை.

அச்சான்று உண்மையில் முன்னரே கிடைத்திருந்தது! 1970களில் கனடாவின் யூக்கான் பகுதியில், ஓல்டு குரோ ஆற்றுப் படுகையில் திரட்டப்பட்ட படிவங்களுள் இரண்டு பற்கள் இருந்தன. ஒட்டாவா நகர அருங்காட்சியகத்தில் அவை நெடுங்காலம் ஆராயப்படாமல் கிடந்தன. 2019ஆம் ஆண்டில் ஜாக் செங் முதலிய மூவர் அவற்றை ஆராய்ந்து, அவை ஓடும் கழுதைப்புலியின் பற்களே என நிறுவினர். அவற்றின் காலம் ஏறத்தாழ 14 இலட்சம் முதல் 8½ இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. முதன்முதல் கடந்து சென்ற விலங்கின் பற்கள் அல்ல அவை. அதற்கு மிகவும் பிற்பட்டவை. எனினும் வடகோடிக் குளிரிலும் இவ்விலங்கு வாழ வல்லது என்பதை அவை ஐயமற உணர்த்தின.

கண்டெடுத்தவர் உழைப்பும், பேணிக் காத்தவர் பொறுப்பும், ஆய்ந்து தெளிந்தவர் அறிவும் ஒன்றுகூடியே இவ்வுண்மை வெளிப்பட்டது. இம்மூன்றனுள் இடையிலுள்ள பேணுதல் பலர் கண்ணில் படுவதில்லை. அது தவறியிருப்பின் மற்றைய இரண்டும் பயனற்றுப் போயிருக்கும். நம் கல்லூரிகளின் காட்சிப் பேழைகளிலும் நூலக அடுக்குகளிலும் பெயரறியாது கிடப்பவற்றைக் குப்பையென ஒதுக்காதிருப்போமாக. நாளை வரும் மாணவர் ஒருவர் அவற்றைக் கொண்டு புத்துண்மை காணக்கூடும்.