ஈட்டி மரத்துக்கு விலை பேச ஆள் வந்தால்

கூடலூர், வயநாடு, குடகுப் பக்கம் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் ஈட்டி மரத்தைத் தெரியாதவர் இல்லை. மிளகுக்கொடிக்கும் அதுவே ஆதாரம். தோதகத்தி என்பதும் இதே மரம்தான். அறுத்தால் ஊதாவும் கருப்பும் ஓடும் வைரம், அதில் மெல்லிய மணம். கட்டில், கதவு முதல் கிதார் வரை, மைசூரின் மரப்பதிப்பு வேலை வரை இந்த வைரத்துக்குத்தான் மதிப்பு. அது பருக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். விலை ஏறியிருப்பதும், இடைத்தரகர் வீடு தேடி வருவதும் அதனால்தான்.

"உங்க பட்டா நிலம், உங்க மரம். யாரு கேக்கப் போறா? பேப்பர் வேலையெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்பார் அவர். இந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வயநாட்டின் முட்டில் கிராமமே சாட்சி. 2020 அக்டோபரில் கேரள வருவாய்த்துறை, அரசு பட்டயம் கொடுத்த நிலங்களில் விவசாயிகள் நட்ட மரங்களையும் தானாக முளைத்தவற்றையும் வெட்டலாம் என்று ஓர் உத்தரவு போட்டது. அதைக் காட்டி நூற்றுக்கும் மேற்பட்ட ஈட்டி மரங்களைச் சாய்த்தார்கள். சிலவற்றின் வயது 500 ஆண்டைத் தாண்டும் என்று கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனை பிறகு சொன்னது. பட்டயம் கொடுக்கும்போதே அரசுக்கென ஒதுக்கப்பட்ட மரங்கள் அவை. 2021 பிப்ரவரியில் உத்தரவு வாபஸ் ஆனது. நில உரிமையாளர்களில் ஆதிவாசிகளும் சிறு விவசாயிகளும் இருந்தார்கள். அவர்கள் பெயரில் போலி விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன என்றது போலீஸ் விசாரணை. லாபம் வேறு யாருக்கோ போக, வருவாய்த்துறையின் அபராத நோட்டீஸ் நிலத்துக்காரர்களின் வீட்டுக்கும் வந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

தமிழ்நாட்டில் ஈட்டிக்கென்றே 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. நீட்டிக்கப்பட்ட அதன் காலம் 2025 பிப்ரவரியில் முடிந்தது. "சட்டமே போயிடுச்சு" என்று சொல்லி வருபவரை நம்பாதீர்கள். மலைப்பகுதிகளில் 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். மரத்தை லாரியில் ஏற்ற வனத்துறையின் டிரான்சிட் பெர்மிட்டும் வேண்டும். ஜென்மம் என்ற பழைய பரம்பரை நில உரிமைத் தகராறு தீராத கூடலூர்ப் பகுதியில், நிலமே யாருடையது என்ற கேள்வி அதற்கும் முன்னால் நிற்கிறது. வெளிநாட்டு வியாபாரத்துக்கு 2017 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாடும் உண்டு.

எனவே வெற்றுத்தாளிலோ, நிரப்பாத விண்ணப்பத்திலோ கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். ஆதார் நகலையும் பட்டா நகலையும் தரகர் கையில் விடாதீர்கள். நட்ட மரம் என்றால், கன்று வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்தி, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் பதிய வையுங்கள். மரம் வீட்டின் மேல் சாய்ந்து நின்றாலும் அரிவாளை எடுக்கும் முன் ரேஞ்சர் அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், மனு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்கலாம். உங்கள் பெயரில் யாரோ விண்ணப்பித்திருந்தால் உடனே போலீஸிலும் மாவட்ட வன அலுவலரிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் உதவி உண்டு, எண் 15100.

ஈட்டி வளர்க்க விரும்புவோரை மனதார வரவேற்கிறேன். வேரிலிருந்து கிளம்பும் கன்றுகளைப் பிரித்தும் நடலாம். ஆனால் கொஞ்ச வருஷத்தில் கோடி கிடைக்கும் என்று கன்று விற்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. ஈட்டி என்று சொல்லி சிசு என்ற வேறு மரத்தின் கன்றைக் கொடுத்தால் இலையில் பிடிபடும். சிசுவின் சிற்றிலை நுனி கூராக நீளும். ஈட்டிக்கு நுனி மழுங்கியிருக்கும், சிலவற்றில் லேசாகக் குழிந்தும் இருக்கும். ஏமாந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லிவிட்டது. 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.