மூளைக்குள் ஒரு டிரான்ஸ்பார்மர்!



"டிரான்ஸ்பார்மர் எந்தத் தத்துவத்தில் இயங்குகிறது?" என்று வைவாவில் கேட்டால் நாம் எல்லோரும் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுவோம். அதே தத்துவத்தில் மனச்சோர்வு என்னும் நோய்க்கு ஒரு சிகிச்சை நடக்கிறது என்றால் நம்புவீர்களா? போன வருடம் வரை எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை எங்கள் வீட்டிலேயே வந்தது.

என் பெரியப்பா மகன் விசைத்தறி ஓட்டுகிறவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். திடீரென்று வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். சாப்பாடு இறங்கவில்லை, ராத்திரி தூக்கம் இல்லை, யாரோடும் பேச்சில்லை. சிலர் சோம்பேறி என்றார்கள். சிலர் காத்து கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மூன்று மாதம் இப்படியே போயிற்று. கடைசியில் மனநல டாக்டரிடம் கூட்டிப் போனோம். "இது மனச்சோர்வு நோய். முதலில் மாத்திரையும், உட்கார்ந்து பேசுவதும். அதிலும் குணம் தெரியாவிட்டால் காந்தத்தால் மூளையைத் தூண்டும் சிகிச்சை இருக்கிறது" என்றார்.

அதைக் கேட்டு அப்பத்தா அழ ஆரம்பித்துவிட்டது. "ஏங்கண்ணு, மண்டையில கரண்டு வெப்பாங்களாமே? நீதான படிக்கிற, என்னன்னு பாத்துச் சொல்லு."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். என் படிப்பை நம்பி வீட்டில் கேட்ட முதல் கேள்வி அதுதான். அதற்குத் தேடிய பதிலே இக்கட்டுரை.

ஃபாரடே தந்த வழி

மாறுகின்ற காந்தப்புலம் பக்கத்தில் உள்ள கடத்தியில் மின்சாரத்தைத் தூண்டும் என்று 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தார். டிரான்ஸ்பார்மரில் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் ஒயர் தொடர்பே கிடையாது. இருந்தாலும் மின்சாரம் அந்தப் பக்கம் வருகிறது. இந்தச் சிகிச்சையில் பிரைமரி என்பது தலைக்கு வெளியே வைக்கும் காயில். செகண்டரி நம் மூளைதான்! 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் இப்படி ஒரு காயிலைத் தலைமேல் வைத்துத் துடிப்பு கொடுத்தபோது, எதிர்ப்பக்கக் கையின் தசை தானாக அசைந்தது.

எப்படி வேலை செய்கிறது?

ஒரு கெப்பாசிட்டரில் சேமித்த மின்சாரத்தைக் காயில் வழியே சட்டென்று விடுவார்கள். ஆயிரக்கணக்கான ஆம்பியர்! ஆனால் ஒரு துடிப்பின் நேரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. காயில் பெரும்பாலும் 8 வடிவத்தில் இருக்கும். உண்டாகும் காந்தப்புலம் சுமார் 1.5 டெஸ்லா, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அளவு. மண்டையோடு மின்சாரத்தைத் தடுக்கும், காந்தத்தைத் தடுக்காது. மூளையின் மேற்பரப்பில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரை நரம்பு செல்கள் தூண்டப்படுகின்றன.

மனச்சோர்வில் மூளையின் இடது முன்பகுதி மந்தமாக இருக்கும் என்பதால் பெரும்பாலும் அங்கேதான் வைப்பார்கள். எவ்வளவு பவர் வேண்டும் என்பதைக் கட்டைவிரல் அசைகிற அளவைப் பார்த்து முடிவு செய்வார்கள். வினாடிக்கு 10 துடிப்பு வீதம் விட்டுவிட்டுக் கொடுப்பது ஒரு முறை. ஒரு நாளைக்கு 20 முதல் 40 நிமிடம், வாரம் 5 நாள், 4 முதல் 6 வாரம்.

கரண்டு வைப்பது இதுவா?

இல்லை. அது வேறு சிகிச்சை. அதில் மின்சாரத்தை நேராகச் செலுத்தி வலிப்பு உண்டாக்குவார்கள். அதுவும் இன்று மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்யப்படுகிறது. சினிமாவில் காட்டுவதுபோல் அல்ல. காந்தச் சிகிச்சைக்கு மயக்க மருந்தே வேண்டாம். நாற்காலியில் விழித்தபடி உட்காரலாம், முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

அப்பத்தாவுக்கு இண்டக்‌ஷன் அடுப்பை வைத்து விளக்கினேன். "நெருப்பே இல்லாம பாத்திரத்துக்குள்ள கரண்டு உண்டாகுதில்ல, அந்த மாதிரி." உடனே, "அப்ப மூளை வெந்து போயிராதா?" என்று கேட்டதே ஒரு கேள்வி! துடிப்பு மிகச் சிறியது, சூடு ஏறாது என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

பக்கவிளைவு இல்லாமல் இல்லை. தலைவலி, காயில் வைத்த இடத்தில் வலி வரலாம். மிக அபூர்வமாக வலிப்பு வரலாம். தலைக்குள் உலோகம், காதுக்குள் கருவி, பேஸ்மேக்கர் இருப்பவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. காந்தப் பட்டை, காந்த வளையல் விற்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள். டிரான்ஸ்பார்மருக்கு டி.சி. கொடுத்தால் செகண்டரியில் என்ன வரும்? ஒன்றும் வராது! மாறாத காந்தமும் அப்படித்தான்.

நம் வயதினருக்கு உதவுமா?

அமெரிக்க அரசு இச்சிகிச்சையைப் பெரியவர்களின் மனச்சோர்வுக்கு 2008-ல் அனுமதித்தது. 12 முதல் 21 வயது வரையுள்ள 103 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2021-ல் வெளியானது. உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் 41.7 சதவீதம் பேருக்கும், போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 36.4 சதவீதம் பேருக்கும் குணம் தெரிந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு, சிகிச்சை பெற்ற ஏராளமான இளைஞர்களின் பதிவுகளைப் பார்த்து, 15 முதல் 21 வயதினருக்கு மற்ற சிகிச்சையோடு சேர்த்துத் தரலாம் என்று 2024 மார்ச்சில் அங்கே அனுமதி கிடைத்தது. ஆகவே இது மந்திரமும் அல்ல, மோசடியும் அல்ல. சிலருக்கு உதவக்கூடிய ஒரு கருவி.

நமக்குப் பக்கத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸில் இச்சிகிச்சை உண்டு. ஆனால் தினக்கூலி வாங்குகிறவர் ஆறு வாரம் தறியை விட்டுவிட்டுப் போய் உட்கார முடியுமா? இந்த மெஷினை மலிவாக, மாவட்டத்துக்கு ஒன்றாகச் செய்வது நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்களின் வேலை இல்லையா?

என் அண்ணனுக்கு அந்த மெஷின் தேவைப்படவில்லை. மாத்திரையும் பேச்சுமே போதுமாக இருந்தது. இப்போது மறுபடி தறி ஓட்டுகிறார். எனக்குள்ள வருத்தமெல்லாம் கயிறு கட்டிக் கழித்த அந்த மூன்று மாதம்தான்.

நண்பர்களே, உங்கள் ஹாஸ்டல் அறையில் ஒருவன் சாப்பிடாமல், வகுப்புக்கு வராமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் "சோம்பேறி" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழிலேயே பேசலாம். மோட்டார் நின்றால் ரிப்பேர் பார்க்கத் தெரிந்த நாம், மனிதன் நின்றுபோனால் சும்மா இருக்கலாமா?

— இரண்டாம் ஆண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை